பழைய கணினியில் வன்பொருள் மோதல்: விண்டோஸ் 98 டிவைஸ் மேனேஜரை எதுவரை நம்பலாம்?

பென்டியம் காலத்துக் கணினியை இன்னும் வீட்டில் ஓடவிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் கால விளையாட்டுகளை அந்தக் காலத்துச் சத்தத்தோடேயே ஆட வேண்டும் என்பவர் ஒருவர். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்புகளை அதே மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும் என்பவர் இன்னொருவர். காரணம் எதுவானாலும், அந்தக் கணினியில் புதிதாக ஒரு கார்டைச் செருகியதும் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு கார்டு படுத்துவிடும் தொல்லையை எல்லோரும் சந்தித்தே தீர வேண்டியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் கருவியாக அந்தக் கணினியோடேயே வருவது டிவைஸ் மேனேஜர். 1995-இல் விண்டோஸ் 95-உடன் அறிமுகமான இக்கருவியை, 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இருக்கும் வடிவத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: தனக்குத் தெரிந்ததை இக்கருவி மிக ஒழுங்காகக் காட்டுகிறது, தனக்குத் தெரியாதது ஏதேனும் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை மட்டும் ஓரிடத்திலும் தருவதில்லை.

நான் இதைப் பயன்படுத்தும் கணினியில் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி, புதிய வகைக் கார்டுகளுக்கான பிசிஐ, பழைய வகைக்கான ஐஎஸ்ஏ ஆகிய மூன்று வகைச் செருகுவாய்களும் ஒரே பலகையில் அமைந்த தலைமுறை அது. மோதல்களுக்கு அதைவிட வளமான நிலம் கிடைக்காது. அதில், கார்டு தன்னைத் தானே கணினிக்கு அறிவிக்கும் பிளக் அண்ட் பிளே முறைக்கு முந்தைய சவுண்ட் பிளாஸ்டர் 16 என்னும் ஐஎஸ்ஏ ஒலிக் கார்டு ஒன்று, ஜம்பர் எனும் சிறு இணைப்பை ஊசிகளில் மாட்டி அமைக்கும் ஐஎஸ்ஏ மோடம் ஒன்று, பிசிஐ நெட்வொர்க் கார்டு ஒன்று ஆகியவை இருக்கின்றன.

கருவியை எடைபோடுவதற்கு முன், அது எதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு கார்டு தனக்கு வேலை இருக்கிறது என்று பிராசசருக்குத் தெரிவிக்க ஐஆர்க்யூ எனப்படும் குறுக்கீட்டுத் தடம் ஒன்று தேவைப்படுகிறது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இத்தகைய தடங்கள் 8 மட்டுமே இருந்தன. 1984-இல் வந்த ஏடி மாடலில் 8259 என்னும் சிப் இன்னொன்றையும் சேர்த்து அவற்றை 16 ஆக்கினார்கள். இரண்டு சிப்புகளையும் இணைப்பதற்கே 2-ஆம் எண் செலவாகிவிட்டதால், பயன்பாட்டுக்கு எஞ்சியவை 15. அந்த 15-லும் 0 டைமருக்கும், 1 விசைப்பலகைக்கும், 6 ஃபிளாப்பிக்கும், 8 கடிகாரத்துக்கும், 13 கணிதத் துணைச் செயலிக்கும், 14-உம் 15-உம் ஹார்டு டிஸ்க்கும் சிடி டிரைவும் இணையும் ஐடிஇ தடங்களுக்கும் போய்விடுகின்றன. தொடர் முனையங்களான காம் 1-க்கு 4, காம் 2-க்கு 3, பிரிண்டருக்கு 7, பிஎஸ்/2 மவுஸுக்கு 12 என்று மேலும் நான்கு கழிகின்றன. மிச்சம் இருப்பவை 5, 9, 10, 11 ஆகிய நான்குதான். கிராபிக்ஸ் கார்டு, யுஎஸ்பி, ஒலி, நெட்வொர்க், மோடம் என்று அத்தனை பேரும் இந்த நான்குக்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். மின்சக்தி நிர்வாகத்துக்கென ஏசிபிஐ என்ற ஏற்பாடு 9-ஐயும் எடுத்துக்கொண்டுவிட்டால் நெருக்கடி இன்னும் கூடும்.

பிசிஐ கார்டுகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் விதத்தில் வடிவமைக்கப்பட்டவை. தன் வேலை கவனிக்கப்படும் வரை ஒரு கார்டு சைகையைத் தாழ்வாகப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், இரண்டு கார்டுகள் ஒரே தடத்தில் இருந்தாலும் எதுவும் தவறிப்போவதில்லை. ஐஎஸ்ஏ தடத்திலோ சைகை எழும் அந்த நொடி மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒரு கார்டின் சைகை எழுந்து நிற்கும்போது மற்றொன்று எழுப்பினால் அது யார் காதிலும் விழாது. ஆகவே, பழைய கணினியில் ‘மோதல்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஐஎஸ்ஏ கார்டு ஒன்று சம்பந்தப்பட்டதாகவே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி கருவிக்கு வருவோம். மை கம்ப்யூட்டர் மீது வலது சொடுக்கு, பிராப்பர்டீஸ், அதில் டிவைஸ் மேனேஜர் என்று போனால் கிளை கிளையாக விரியும் பட்டியல் வருகிறது. கோளாறான சாதனத்தின் மீது மஞ்சள் வட்டத்தில் ஆச்சரியக்குறியும், முடக்கப்பட்ட சாதனத்தின் மீது சிவப்புப் பெருக்கல் குறியும் இருக்கும். பெரும்பாலோர் இந்தக் குறிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இக்கருவியின் உண்மையான பெறுமதி அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது. பட்டியலின் உச்சியில் உள்ள ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லை இரட்டைச் சொடுக்குச் செய்தால், ‘வியூ ரிசோர்சஸ்’ என்னும் பக்கம் திறக்கும். அங்கே ஐஆர்க்யூ, பிராசசர் சாதனத்தோடு பேசும் உள்ளீட்டு வெளியீட்டு முகவரி, பிராசசரை நாடாமல் சாதனம் நினைவகத்தோடு தரவு பரிமாறும் டிஎம்ஏ தடம், நினைவகம் என்று நான்கு பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால் 00 முதல் 15 வரை எண்ணும், எண்ணுக்கு நேரே சாதனத்தின் பெயருமாக ஒரே பார்வையில் முழுக் கணக்கும் வந்து நிற்கும். மோதலைத் தேடுபவர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுதான். இதை இத்தனை ஆழத்தில் ஒளித்து வைத்ததற்குத் தகுந்த காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அந்தப் பட்டியலில் புதியவர்களைக் கலவரப்படுத்தும் வரி ஒன்றும் இருக்கிறது. ஒரே எண்ணில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒருமுறையும், ‘ஐஆர்க்யூ ஹோல்டர் ஃபார் பிசிஐ ஸ்டீயரிங்’ என்ற பெயர் இன்னொரு முறையும் வரும். இது மோதல் இல்லை. பிசிஐ சாதனங்களுக்காக அந்த எண்ணை விண்டோஸே ஒதுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அதை நீக்க முயன்று நல்ல கணினியைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இவ்வளவு குழப்பம் தரும் வரிக்கு அருகில் ஒரு சொல் விளக்கமாவது கொடுத்திருக்கலாம்.

கருவி நன்றாக வேலை செய்யும் இடத்தை முதலில் சொல்கிறேன். காம் 1-இல் பழைய தொடர் மவுஸையும், காம் 3-ஆக அமைத்த மோடத்தையும் வைத்திருந்தால், தொலைபேசி எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் திரையில் மவுஸ் அம்பு அசையாமல் நின்றுவிடும். காம் 1, காம் 3 இரண்டுக்கும் வழக்கமான எண் 4 என்பதே காரணம். ஐஆர்க்யூ பட்டியலில் 04-க்கு நேரே இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கிவிடும். மோடத்தின் ஜம்பரை காம் 2-க்கு மாற்றி, கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸ் மென்பொருளின் அமைப்பில் மதர்போர்டின் சொந்த காம் 2-ஐ முடக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. மதர்போர்டின் முனையத்தை முடக்க மறந்தால் அதே சண்டை 3-ஆம் எண்ணுக்கு இடம்பெயரும். அதையும் இந்தப் பட்டியல் தவறாமல் காட்டுகிறது.

கருவி தடுமாறும் இடம் சவுண்ட் பிளாஸ்டர் 16. முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 16 பிட் ஒலிக்கு டிஎம்ஏ 5 என்பவை இந்தக் கார்டின் வழக்கமான அமைப்பு. டாஸ் விளையாட்டுகளில் பலவும் இதையே எதிர்பார்க்கின்றன. பிளக் அண்ட் பிளே அறியாத இந்தக் கார்டு, தான் இருப்பதை பயாஸுக்குச் சொல்வதில்லை. எனவே கணினி எழும்போது 5-ஆம் எண் காலியாக இருப்பதாக பயாஸ் கருதி, பிசிஐ நெட்வொர்க் கார்டுக்கு அதைக் கொடுத்துவிடுகிறது. ஒலிக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவும் வரை விண்டோஸுக்கும் அப்படியொரு கார்டு இருப்பது தெரியாது. அந்த நிலையில் நெட்வொர்க் கார்டின் ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்தால், கீழே ‘நோ கான்ஃப்ளிக்ட்ஸ்’ என்று நிம்மதியாக எழுதியிருக்கும். டாஸுக்குப் போய் விளையாட்டைத் தொடங்கினால் இசை ஒழுங்காக வரும். ஆனால் துப்பாக்கிச் சத்தமோ பேச்சோ வர வேண்டிய இடத்தில் முதல் அரை நொடித் துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும், அல்லது கணினி அப்படியே உறைந்துவிடும். இசைக்கு ஐஆர்க்யூ தேவைப்படாது, பதிவுசெய்த ஒலிக்குத் தேவைப்படும் என்பதால் உண்டாகும் வேறுபாடு இது. இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிவைஸ் மேனேஜர் காட்டாத மோதலைக் காதே காட்டிக்கொடுக்கும்.

பட்டாவில் ஒருவர் பெயர் இருக்க, நிலத்தை வேறொருவர் உழுதுகொண்டிருப்பது நம் ஊர்களில் புதிதன்று. பட்டாவை மட்டும் பார்த்து நிலம் வாங்குகிறவர் நிலத்தைப் போய் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டிவைஸ் மேனேஜரின் ‘மோதல் இல்லை’ என்ற வரியை நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். பதிவேட்டில் உள்ள சாதனங்களுக்கு இடையே மோதல் இல்லை என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் கிடையாது. ஜம்பர் உண்மையில் எந்த ஊசிகளில் இருக்கிறது என்பதை அறிய அதற்கு வழியே இல்லை.

சரிசெய்யும் வேலையின் பெரும்பகுதி, ஆகவே, இந்தக் கருவிக்கு வெளியே, பயாஸில் நடக்கிறது. அவார்டு பயாஸில் ‘பிஎன்பி பிசிஐ கான்ஃபிகரேஷன்’ என்ற பக்கத்தில் ஒதுக்கீட்டை ஆட்டோ நிலையிலிருந்து மேனுவலுக்கு மாற்றினால் எண்களின் பட்டியல் திறக்கும்; அதில் 5-ஆம் எண்ணை ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று குறிக்க வேண்டும். கூடவே ‘ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா’ என்பதையும் இயக்கிவிட்டால், பயாஸ் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய ஒதுக்கீட்டை அழித்துவிட்டு அடுத்த முறை எழும்போது புதிதாகப் பங்கிடும். கணினி எழும்போது, விண்டோஸ் தொடங்குவதற்குச் சற்று முன், பிசிஐ சாதனங்களையும் அவற்றின் ஐஆர்க்யூ எண்களையும் காட்டும் சிறிய அட்டவணை ஒரு கணம் வந்து போகும். பாஸ் விசையைத் தட்டி அதை நிறுத்தி வைத்துப் படியுங்கள். என் கணினியில் நெட்வொர்க் கார்டுக்கு நேரே 5 இருந்த இடத்தில் 11 வந்திருப்பதை அங்கேதான் முதலில் பார்க்க முடிந்தது.

டிவைஸ் மேனேஜரிலும் இதற்கு இணையான வசதி ஒன்று உண்டு. வியூ ரிசோர்சஸ் பக்கத்துக்குப் பக்கத்திலேயே ‘ரிசர்வ் ரிசோர்சஸ்’ என்ற பக்கம் இருக்கிறது. அதில் 5-ஐச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் அந்த எண்ணைத் தானாக யாருக்கும் கொடுக்காது. ஆனால் விண்டோஸ் ஏற்றப்படுவதற்கு முன்பே பயாஸ் செய்துவிட்ட பங்கீட்டை, தனி டாஸில் தொடங்கும்போது, இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. டாஸ் விளையாட்டுக்காகவே கணினியை வைத்திருப்பவர் பயாஸிலேயே ஒதுக்குவதுதான் முறை. ஒலிக் கார்டின் எண்ணை மாற்றும்போது டாஸ் தொடங்கும்போது இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில், கார்டின் எண்களை விளையாட்டுகளுக்குச் சொல்லும் ‘செட் பிளாஸ்டர்’ வரியும் அதற்கேற்ப இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட வேண்டும். கார்டு 7-இல் இருக்க, அந்த வரி 5 என்று சொன்னால் விளையாட்டுகள் வரியைத்தான் நம்பும்.

கைமுறை மாற்றம் என்று வரும்போது இக்கருவியின் குணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சாதனத்தின் ரிசோர்சஸ் பக்கத்தில் ‘யூஸ் ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டு, எண்ணை இரட்டைச் சொடுக்குச் செய்தால் மாற்றிக்கொள்ளலாம். சில சமயம் இந்த அமைப்பை மாற்ற முடியாது என்று மறுத்துவிடும். அப்போது மேலே உள்ள ‘பேசிக் கான்ஃபிகரேஷன்’ பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்துவிட்டு மீண்டும் முயன்றால் வழிவிடக்கூடும். இவ்வாறு மாற்றியது ‘ஃபோர்ஸ்டு’ அமைப்பாகப் பதிவாகும். அதன் பிறகு அந்தச் சாதனத்தை விண்டோஸ் தானாக இடம் மாற்றாது. இன்று தீர்ந்த மோதல், அடுத்த ஆண்டு இன்னொரு கார்டைச் செருகும்போது வேறொரு மோதலாகத் திரும்பி வருவதற்கு இதுவே வழி செய்கிறது. எனவே கட்டாய அமைப்பைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எவையெல்லாம் கட்டாயமாக அமைக்கப்பட்டவை என்பதை டிவைஸ் மேனேஜர் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுவதில்லை. அதற்கு சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற துணைக் கருவிக்குப் போக வேண்டும். அங்கே ஹார்டுவேர் ரிசோர்சஸ் என்ற தலைப்பின் கீழ் மோதல்களும் பகிர்வுகளும் ஒரு பட்டியலாகவும், கட்டாய அமைப்புகள் வேறொரு பட்டியலாகவும் இருக்கின்றன. இந்த இரண்டு கருவிகளையும் ஒன்றாக்கியிருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

முகவரி மோதல்கள் அரிதானவை, ஆனால் வந்தால் பிடிவாதமானவை. என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுகள் வழக்கமாக 300 என்ற முகவரியையும் ஐஆர்க்யூ 3-ஐயும் கேட்கும். வட்டு போன்ற சாதனங்களை இணைக்கும் அடாப்டெக் 1542 வகை ஸ்கசி கார்டின் வழக்கமான முகவரியான 330-ஐயே சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் இசைக்கருவிகளுக்கான மிடி பகுதியும் கேட்கும். முகவரிப் பட்டியலை அழுத்திப் பார்த்தால் இவை தெரிந்துவிடும் என்பதால் இங்கே கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் இக்கருவி செய்யும் ஒரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. கணினி எழும்போது எஃப் 8 விசையைத் தட்டி சேஃப் மோடில் நுழைந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், வழக்கமான நிலையில் கண்ணில் படாத பழைய பதிவுகளும் பட்டியலில் வந்து நிற்கும். எப்போதோ கழற்றிய கிராபிக்ஸ் கார்டு, இரண்டு முறை பதிவான மானிட்டர், வேறொரு செருகுவாயில் முன்பு இருந்த அதே நெட்வொர்க் கார்டு என்று வரிசையாகக் கிடக்கும். இரட்டையாக இருப்பவற்றை மொத்தமாக நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், உண்மையில் இருப்பவற்றை விண்டோஸ் புதிதாகக் கண்டறிந்து பதிந்துகொள்ளும். அப்போது விண்டோஸ் சிடியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிடி டிரைவே சோதனையில் இருக்கும் நேரத்தில் அது பெரிய இக்கட்டு. சிடியில் உள்ள வின்98 கோப்புறையை முன்கூட்டியே ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. 2006 ஜூலையில் இந்த இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டதால், கார்டுகளுக்கான டிரைவர்களையும் நாமேதான் பத்திரப்படுத்த வேண்டும்.

உதவிப் பக்கத்தில் உள்ள ‘ஹார்டுவேர் டிரபிள்ஷூட்டர்’ கேள்வி கேட்டுக் கேட்டு வழிநடத்தும் பகுதி. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு அது பரவாயில்லை. இரண்டாம் முறை யாரும் அதைத் திறக்கப் போவதில்லை.

பின்னர் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் உள்ள டிவைஸ் மேனேஜரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நியாயம்தான். அதில் வியூ பட்டியலிலிருந்தே வளங்களை வகைவாரியாகக் காணலாம். தேடும் வேலை எளிது. ஆனால் ஏசிபிஐ முறையில் நிறுவிய எக்ஸ்பியில் பிசிஐ கார்டின் எண்ணை மாற்ற விடமாட்டார்கள்; கட்டம் மங்கிப்போய்க் கிடக்கும். ஐஎஸ்ஏ கார்டுகளோடு மல்லுக்கட்டுபவருக்கு 98-இன் வடிவமே அதிகச் சுதந்திரம் தருகிறது. பிசிஐ கார்டின் எண்ணை எந்த வடிவத்திலும் உறுதியாக மாற்றும் வழி, கார்டைக் கழற்றி வேறு செருகுவாயில் போடுவதுதான். ஏஜிபி கார்டும் அதற்கு அடுத்துள்ள முதல் பிசிஐ செருகுவாயும் ஒரே தடத்தைப் பகிர்வது பெரும்பாலான பலகைகளில் வழக்கம் என்பதால், அந்த வாயைக் காலியாக விடுவது நல்லது. எந்த வாய் எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதை டிவைஸ் மேனேஜர் சொல்லாது. மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

இக்கருவியின் பொத்தான்களில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் கவனிக்காத ‘பிரிண்ட்’. எந்த எண்ணில் யார் இருக்கிறார்கள் என்ற முழுச் சுருக்கத்தையும் அது அச்சிட்டுத் தரும். பிரிண்டர் இல்லாதவர்கள் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். புதிய கார்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாள், செருகிய பின் ஒரு தாள் என்று எடுத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், யாருடைய எண் பறிபோயிருக்கிறது என்பது சட்டெனத் தெரிந்துவிடும்.

கருவியின் எல்லைக்குள் வராத இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோதல் என்று எண்ணி மணிக்கணக்கில் எண்களை மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இவை உதவும். ஐஎஸ்ஏ கார்டின் பொன்னிற விளிம்பில் அழுக்கேறியிருந்தாலும் சாதனம் இருந்தும் இல்லாமலும் தோன்றும். மின்சாரத்தைத் துண்டித்துக் கார்டை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது பேட்டரி. இத்தனை வயதான மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 செல் தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி, லெகசி ஐஎஸ்ஏ என்று நாம் குறித்து வைத்த 5-ஆம் எண்ணை மீண்டும் பிசிஐ கார்டுக்கே கொடுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் எதையும் தொடாமலேயே சரிசெய்த மோதல் திரும்பி வருகிறது என்றால், முதலில் கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் மாற்ற வேண்டியது அந்த 3 வோல்ட் செல்லைத்தான்.